பஞ்சில் சிக்கிய முள்

ஜனவரியில் இரண்டு நாள் மண்பாதை பைக் பயிற்சிக்குப் போயிருந்தேன். மணலில் எழுந்து நின்று ஓட்டுவது, விழுந்த வண்டியை இடுப்பு பிடிக்காமல் தூக்குவது, டியூப் மாற்றுவது, சேற்றிலிருந்து வெளியே வருவது என்று நிறையச் சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கு முன்னால், கற்றதெல்லாம் உடம்பில் தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட நினைத்தேன். மதுரைக்குப் பக்கத்தில் மணல், முள், சேறு, காற்று நான்கும் சேர்ந்து கிடைக்கிற இடம் ராமநாதபுரம் கடற்கரைதான். தம்பியும் கூட வந்தான். இரண்டு பேர் வண்டியும் எக்ஸ்பல்ஸ் 200. ஒவ்வொரு ராத்திரியும் தங்கிய இடத்தில் உட்கார்ந்து எழுதியவை இவை.

மார்ச் 13, 2025, வியாழன்: மதுரை, தொண்டி, உப்பூர்

காலை ஐந்தரைக்குக் கிளம்பியதால் தொண்டி வரை வெயில் தெரியவில்லை. ரமலான் மாதம். கடைத்தெருவில் பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. ஒரு டீக்கடையில் மட்டும் முன்பக்கம் வேட்டியைத் திரையாகக் கட்டிவிட்டு உள்ளே அடுப்பு எரிந்தது. கடைக்காரர் நோன்பில் இருந்தார். அவர் முன்னால் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வெளியே எடுத்துப் போகிறோம் என்றேன். “நோன்பு எனக்குத்தானேம்மா, உங்களுக்கு என்ன? நிழல்ல உக்காந்து குடிங்க” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ 12 ரூபாய். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத மனிதர் அத்தனை பேருக்கும் ஆற்றி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தொண்டிக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரங்களில் மிளகாய் காய்ந்தது. இந்த ஊர்க் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீளமாக இருக்காது, கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருக்கும். இந்த வாரத் தொடக்கத்தில் பெய்த மழையில் நனைந்துவிட்டதாம். ஒரு அம்மா படுதா மேல் உட்கார்ந்து, நிறம் செத்த வற்றலைத் தனியாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். “நேத்து இருந்த விலை இதுக்கு இன்னைக்கு இல்ல தாயி” என்றார். அந்த வாசனையில் ஹெல்மெட்டுக்குள்ளேயே தும்மிக்கொண்டு போனோம்.

காரங்காட்டு அலையாத்திக் காட்டைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது ரோட்டை விட்டு ஒரு கண்மாய்க் கரைப் பாதையில் இறங்கினோம். இருபுறமும் சீமைக்கருவை. இந்த மாவட்டத்தில் அந்த மரம் இல்லாத இடத்தைத் தேட வேண்டும். கரி மூட்டம் போட்டுப் பிழைப்பவர்களுக்கு அதுதான் சோறு. எனக்கு இன்றைக்கு அதுதான் வினை. கரை முடியும் இடத்தில் என் பின்சக்கரம் வாழைப்பழத் தோல் மேல் போவது போல வழுக்கத் தொடங்கியது. காற்று இறங்கிவிட்டது.

பதறவில்லை. இதைத்தான் பழகியிருக்கிறோமே. பனந்துண்டு ஒன்றை உருட்டி வந்து வண்டிக்கு அடியில் கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றினோம். லீவர் போட்டு டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, டியூபை உருவி, டயருக்குள் கைவிட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. முன்சக்கரத்தின் 21 அங்குல டியூப் ஒன்று கைவசம் இருந்தால் அவசரத்துக்குப் பின்சக்கரத்தின் 18-க்கும் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அது ஒன்றைத்தான் கொண்டுபோயிருந்தோம். மாற்றி, காற்றடித்து, மாட்டி முடிக்க 50 நிமிஷம். பயிற்சியில் 35 நிமிஷத்தில் முடித்தேன், ஆனால் அங்கே தலைக்கு மேல் கூரை இருந்தது.

நாலு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி இறங்கிவிட்டது.

இந்த முறை ஒட்டுப் போடுவதைத் தவிர வழி இல்லை. பஞ்சர் பெட்டியைத் திறந்தால் ஒட்டும் பசை இருக்கிற சொல்யூஷன் டியூப் உள்ளேயே காய்ந்து ரப்பர் கட்டியாக இருந்தது. ஜனவரியில் ஒரு தடவை திறந்து மூடியது. அதற்கப்புறம் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தம்பி வண்டியில் பின்னால் உட்கார்ந்து உப்பூர்ப் பக்கம் போனேன். மேல்விதானம் இல்லாமல் வெயிலை விரும்பி ஏற்கும் வெயிலுகந்த விநாயகர் இருக்கிற ஊர் அது. மணி ஒன்றரை. வெயிலுகந்தவரின் ஊரில் வெயில் அப்படித்தான் இருந்தது.

பஞ்சர் கடை என்றால் கீற்றுக் கொட்டகை, ஒரு கம்ப்ரஸர், வெட்டிய டிரம்மில் தண்ணீர். பெரியவருக்கு எழுபது வயசு இருக்கும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எதுவும் பேசாமல் டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். வால்விலிருந்து அந்த வட்டம் வரை சாண் வைத்து அளந்து, டயரிலும் அதே அளவுக்கு ஒரு கோடு போட்டார். பிறகு மேஜை டிராயரிலிருந்து மருந்துக்கடைப் பஞ்சை ஒரு பிடி எடுத்து, டயரின் உள்பக்கம் அந்தக் கோட்டை ஒட்டி மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில் பஞ்சு நின்றது. இழுத்தார், நூல் நூலாகப் பிரிந்து அங்கேயே தொங்கியது.

“இந்தா இருக்கான் பாரு.”

என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. குறட்டால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்த பிறகுதான் தெரிந்தது. அரை அரிசி நீளத்துக்குக் கருவை முள்ளின் நுனி, கறுப்பாக, கெட்டியாக.

“முள்ளு வெளிய ஒடிஞ்சிரும் தாயி, நுனி உள்ள நின்னுக்கிரும். காத்து கொறையும்போதுதான் குத்தும். கை தடவுனா ஒதுங்கிக்கிரும். பஞ்சுக்கு ஒதுங்காது.”

பயிற்சியில் ஆணியைக் குத்தித்தான் காட்டினார்கள். ஆணி கண்ணுக்குத் தெரியும், பிடுங்கினால் வந்துவிடும். இந்த மண்ணில் எனக்கு அந்தப் பாடம் பாதிதான் உதவியது. இரண்டு டியூபுக்கும் ஒட்டுப் போட்டு, டயர் முழுக்கப் பஞ்சு விட்டுப் பார்த்து, இன்னும் இரண்டு நுனிகளை எடுத்துவிட்டு 150 ரூபாய் என்றார். 200 கொடுத்தேன், 50-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார். புது சொல்யூஷன் டியூப் ஒன்றும் ஒரு பிடி பஞ்சும் வாங்கி வைத்துக்கொண்டேன். முள்ளைத் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்.

தேவிபட்டினத்தை இருட்டில்தான் கடந்தோம். கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்க்க முடியவில்லை. ராமநாதபுரத்தில் அறை 900 ரூபாய். கை கழுவியும் ரப்பர் வாசனை போகவில்லை.

மார்ச் 14, வெள்ளி: பாம்பன், தனுஷ்கோடி

மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறியதும் காற்று பக்கவாட்டில் வந்து மோதியது. 1988-ல் திறந்த சாலைப் பாலம், இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஒளிய இடம் கிடையாது. முதல் மோதலில் என் கை தானாக இறுகியது. கை இறுக இறுக வண்டி ஆடும் என்பது நினைவுக்கு வந்தது. முழங்காலால் டேங்கைப் பிடித்துத் தோளைத் தளர்த்தினேன். வண்டி தானாக நிமிர்ந்தது. பயிற்சிக்குக் கொடுத்த காசு அந்த ஒரு நொடிக்கே சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் 1914-ல் திறந்த பழைய ரயில் பாலமும், கட்டி முடித்துத் திறப்புக்காகக் காத்திருந்த புதிய தூக்குப் பாலமும் நின்றன. பாலத்தின் நடுவில் காரை நிறுத்தித் திடீரென்று கதவைத் திறப்பவர்கள்தான் காற்றை விட ஆபத்து.

தனுஷ்கோடிக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல் ஊரையும், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் சேர்த்துக் கொண்டுபோனது. சர்ச்சின் சுவர்கள் பவளக்கல் தெரிய நிற்கின்றன. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, அதை ஆண் கடல் என்கிறார்கள். மறுபக்கம் பாக் நீரிணை, அது பெண் கடல். இன்றைக்குப் பெண் கடல்தான் சத்தமாக இருந்தது.

சாலையை ஒட்டி ஒரு கீற்றுக் கடையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார் ஒரு அக்கா. நகரை மீன் நாலு 100 ரூபாய். வண்டியை மணலில் சாய்த்து நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். மீனில் முள்ளை எடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் சத்தம் கேட்டது. சைடு ஸ்டாண்டு மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கி வண்டி இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஓடிப் போய்த் தூக்கினேன். கிளட்ச் லீவர் பாதியில் ஒடிந்திருந்தது.

இதில் எனக்கு வருத்தம் அதிகம். பயிற்சி கொடுத்தவர் அந்த லீவரை ஹேண்டிலோடு பிணைக்கும் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்தார். விழும்போது ஒடியாமல் திரும்பிக்கொள்ளும், வலுவாகத் தட்டினால் சுற்றுகிற அளவு இருந்தால் போதும் என்றார். ஊருக்கு வந்ததும் சர்வீஸில் ஆடுகிறது என்று இறுக்கச் சொன்னது நானேதான்.

கடைக்கார அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டோடு வந்தார். உடைந்த வள்ளத்தின் பலகை, நீல பெயின்ட் உரிந்து உரிந்து இருந்தது. “இதைக் காலுக்கு அடியில வச்சு நிறுத்துங்க. இங்க கல்லு ஏது? கட்டில் காலுக்கே நாங்க இதுதான் வைப்போம்” என்றார். காசு வாங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டதற்குக் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலில் தோண்டிய ஊற்றைக் காட்டினார். கையால் அள்ளிக் குடித்தேன். உப்பே இல்லை. எத்தனை முறை கேள்விப்பட்டிருந்தாலும் நாக்கில் பட்டால்தான் நம்ப முடிகிறது.

தம்பி டயரின் காற்றழுத்தத்தை 18 PSI-க்கு இறக்கிக் கரையில் ஒரு சுற்று ஓட்டிப் பழகலாம் என்றான். நானும் தலையாட்டினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து கையை நீட்டித் தடுத்தார்.

“தம்பி, இது ஆமை ஏறுற மாசம். பேரே பங்குனி ஆமை. நீங்க ஓட்டுற எடத்துக்குக் கீழ நூறு முட்டை கெடக்கும், தெரியாது உங்களுக்கு.”

வனத்துறையினர் காலையில் தடம் பார்த்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பார்களாம். எல்லாம் அகப்படுமா என்று கேட்டதற்கு, “ஆமை என்ன சொல்லிட்டா போடுது?” என்றார். கரை முழுக்க ஒரே மாதிரி மணல்தான். முட்டையின் மேல் மண் எப்படி இருக்கும் என்று குனிந்து பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வண்டியை எடுக்கவில்லை.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையிலிருந்து ராமேஸ்வரம் வரை ஒடிந்த லீவரின் மிச்சத்தை இரண்டு விரலால் பிடித்தே வந்தேன். விரல் இன்னும் வலிக்கிறது.

மார்ச் 15, சனி: ராமநாதபுரம், சேதுக்கரை, கீழக்கரை

லீவர் ராமேஸ்வரத்தில் கிடைக்கவில்லை. ராமநாதபுரத்தில் 190 ரூபாய்க்குக் கிடைத்தது. இந்த முறை பிடியை நானே மாட்டினேன், தட்டினால் சுற்றும் அளவுக்கு.

சேதுக்கரை தாண்டி ஒரு மீனவக் குப்பத்துக்குப் போகும் மணல் தடத்தில், அங்கிருந்தவர்களிடம் கேட்டுவிட்டு இறங்கினேன். டிராக்டர் போகிற தடம், தாராளமாக ஓட்டுங்க என்றார்கள். முதல் முறை பயத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டேன், முன்சக்கரம் புதைந்து விழுந்தேன். இரண்டாவது முறை முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போய் விழுந்தேன். மூன்றாவது முறை கண்ணை ஒரு பனை மேல் வைத்து, எழுந்து நின்று, உடம்பைப் பின்னால் தள்ளி, ஒரே சீராகக் கொடுத்துக்கொண்டே போனேன். ஹேண்டில் கைக்குள் நீச்சலடிப்பது போல ஆடியது, ஆனால் வண்டி போனது. நூறடி, இருநூறடி, அந்தப் பனை வரைக்கும். இறங்கும்போது கால் நடுங்கியது. இந்தப் பயணத்தில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த நிமிஷம் அதுதான்.

விழுந்த வண்டியை முதுகு கொடுத்துத் தூக்குவதைப் பார்த்துப் பையன்கள் கூடிவிட்டார்கள். ஹேண்டிலைக் கீழ்ப்பக்கமாக முழுக்கத் திருப்பி, கியரில் போட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலால் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே எழ வேண்டும். 160 கிலோ பக்கம். பத்து வயசுப் பையன் ஒருவன், “அக்கா, இன்னொரு தடவ விழுங்க, நான் தூக்குறேன்” என்றான். ஸ்டாண்டுக்குக் கீழே பலகையை வைத்துவிட்டு, அவனுக்குச் சும்மா உட்கார்ந்து எழும் விதத்தை மட்டும் காட்டினேன்.

சாயங்காலம் கீழக்கரை. நோன்பு திறக்கும் நேரத்துக்குத் தெரு வெறிச்சென்று ஆனது. பள்ளிவாசல் பக்கத்தில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொன்னார். “காக்கா, இவங்களுக்கும் ரெண்டு” என்று ஒரு பையன் உள்ளே குரல் கொடுத்தான். இங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சூடான நோன்புக் கஞ்சி, கூடவே ஒரு வடை, இரண்டு பேரீச்சம்பழம். வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் கலந்த வாசனை. நாள் முழுக்க மணலைத் தின்ற தொண்டைக்குள் அது இறங்கிய சுகத்தை என்னவென்று சொல்ல? பெரியவர் எங்களுக்குக் கொடுத்த பிறகுதான் தன் பழத்தைக் கையில் எடுத்தார். தொதல் என்கிற இனிப்பு அரைக் கிலோ வாங்கி அம்மாவுக்காகப் பையில் வைத்திருக்கிறேன். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கிண்டிக் கிண்டி எண்ணெய் பிரிந்த கறுப்பு.

மார்ச் 16, ஞாயிறு: ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி

இன்றைக்கு நடந்தது முழுக்க என் தப்பு, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

ஏர்வாடியிலிருந்து வாலிநோக்கம் போக நல்ல தார்ச்சாலை இருக்கிறது. போன் மேப்பில் கழிமுகத்தை ஒட்டி ஒரு வெட்டவெளி குறுக்கு வழி போலத் தெரிந்தது. நேற்று மணலில் ஓட்டிய தெம்பு. வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்த தரை, கிரிக்கெட் பிட்ச் மாதிரி தட்டை. காலால் மிதித்துப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. தம்பி, “யாராவது வரட்டும், கேட்டுட்டுப் போவோம்க்கா” என்றான். கேட்க ஆள் இல்லை என்று நான் இறங்கினேன்.

நூறு மீட்டர் நன்றாகத்தான் போனது. அப்புறம் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். பின்சக்கரம் உடைத்துக்கொண்டு உள்ளே போனது. எடுத்துவிடலாம் என்று ஆக்ஸிலரேட்டரைத் திருகினேன். அதுதான் இரண்டாவது தப்பு. செயின் மறைந்தது, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மறைந்தது, வண்டி ஸ்டாண்டு இல்லாமலே நேராக நின்றது. கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். நான் காலை ஊன்றினால் முழங்கால் வரை போகிறது.

ஒரு மணி நேரம் கழித்து ஆட்டுக்காரர் ஒருவர் வந்தார். தலையில் துண்டு, கையில் தொரட்டி. வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“மேல பொருக்கு, கீழ உளை. மழை பேஞ்ச வாரத்துல ஆடே இதுல எறங்காது ஆத்தா. அந்தா தெரியுது பாருங்க புழுக்கை, அதுதான் பாதை.”

அவர் கைகாட்டிய பிறகு பார்த்தால், வெட்டவெளியின் ஓரமாகக் கொஞ்சம் மேடான இடத்தில், ஆட்டுப் புழுக்கை கோடு போட்ட மாதிரி வளைந்து வளைந்து போகிறது. நான் நிற்கும் இடத்தில் ஒரு புழுக்கைகூட இல்லை. இறங்குவதற்கு முன்னால் அதே தரையை நான் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவர் சத்தம் கொடுத்ததில் உப்பளத்துப் பக்கமிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வண்டியை நிமிர்த்தி இழுத்தால் வராது, படுக்கப் போட்டுக் குழியை அடைக்க வேண்டும் என்பது பயிற்சியில் கற்றது. அதைச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். பக்கவாட்டில் சாய்த்தோம், பெட்ரோல் கொஞ்சம் சிந்தியது. காய்ந்த பனையோலையை மட்டையோடு கொண்டுவந்து குழியில் திணித்தோம். மட்டையின் கருக்கு என் உள்ளங்கையைக் கீறிவிட்டது. தூக்கி ஓலை மேல் நிறுத்தி, கயிறு கட்டி, ஐந்து பேர் ஆட்டுப் பாதை வரைக்கும் இழுத்தோம். இரண்டரை மணி நேரம். பணம் நீட்டினேன். உப்பளத்து அண்ணன்கள் டீக்கு என்று 100 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ஆட்டுக்காரர் வேண்டாம் என்றார். பையில் இருந்த தொதலை அப்படியே கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டார்.

அடுத்த கவலை, உப்பு. செயினிலும் ஸ்போக்கிலும் உப்புச் சேறு அப்பியிருக்கிறது. உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஊர் எல்லையில் ஒரு அம்மா எட்டுக் குடம் வைத்த தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் கோலத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

“ஒரு குடம் ஊத்திக்கோ தாயி.”

எங்கிருந்து கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டேன். ரெண்டு மைலு என்றார். காலையிலிருந்து இது இரண்டாவது நடையாம். நான் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன், இன்னொன்றில் உள்ளங்கைக் காயத்தைக் கழுவினேன். வண்டிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டு முறை வற்புறுத்தினார். குடிக்கிற தண்ணீரைச் செயினில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை.

சாயல்குடியில் வாட்டர் சர்வீஸ் இருந்தது. தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. போர் தண்ணீர் இங்கே அப்படித்தான் என்றார்கள். சேறு போகட்டும் என்று அடித்துவிட்டு, துணியால் துடைத்து, செயினில் எண்ணெய் விட்டேன். அதற்கு மேல் இங்கே செய்ய ஒன்றுமில்லை. கொத்துப் பரோட்டா 90 ரூபாய். தம்பி சாப்பிட்டு முடிக்கிற வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம், “கேட்டுட்டுப் போயிருக்கலாம்க்கா” என்றான். போயிருக்கலாம்டா என்றேன்.

மார்ச் 17, திங்கள்: மூக்கையூர், மதுரை

மூக்கையூர்க் கரையில் அரை மணி நேரம். ஒரு தடத்தில் இறங்கலாமா என்று மூன்று பேரிடம் கேட்டேன். இரண்டு பேர் போகலாம் என்றார்கள். பனை ஏறிவிட்டு இறங்கிய ஒருவர் மட்டும், நேற்று வண்டல் ஏற்றிய லாரி அங்கே மாட்டியது என்றார். போகவில்லை. அவரிடமே பட்டையில் பதநீர் வாங்கிக் குடித்தோம், ஒன்று 30 ரூபாய். மாங்காய்த் துண்டு போட்டுக் கொடுத்தார். பச்சை ஓலை வாசனையோடு அது உள்ளே இறங்கியதும் வெயில் தணிந்த மாதிரி இருந்தது.

கமுதி, அருப்புக்கோட்டை வழியாக வீடு. வழியில் எதுவும் நடக்கவில்லை.

அம்மா முதலில் கேட்டது தொதலைத்தான். ஆட்டுக்காரர் கதையைச் சொன்னேன். “கொடுத்தது நல்லதாப் போச்சு” என்றாள். சாயங்காலம் நல்ல தண்ணீரில் இரண்டு மணி நேரம் கழுவினேன். இன்ஜின் மடிப்புகளுக்குள்ளிருந்து வாலிநோக்கத்துச் சேறு கறுப்புக் கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. நீலப் பலகையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி ஹேண்டிலில் தொங்கவிட்டிருக்கிறேன். தம்பி தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறான்.

செயினைச் சுற்றிப் பார்த்ததில் மூன்று கண்ணி துருவேறி இறுகியிருக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன். இளகுகிறதா என்று காலையில்தான் தெரியும்.